ஒன்றரை வோல்ட்

எங்கள் வீட்டு மனுசன் துறைமுகத்தில், கிரேன்களுக்குக் கரண்ட் கொடுக்கிற பகுதியில் வேலை செய்து பென்சன் எடுத்தவர். இதைச் சொல்லாமல் அவரைப் பற்றி ஒன்றும் சொல்ல ஏலாது. அவரே இதைச் சொல்லாமல் எவரோடும் கதைப்பதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவன் "இது கொட்டாஞ்சேனைக்குப் போகுமோ?" என்று கேட்டால், "போகும் தம்பி. அங்காலை கொச்சிக்கடைப் பக்கந்தான் நான் நானூறு வோல்ட் லைனிலை வேலை செய்தனான்" என்பார். கேட்டவன் அடுத்த ஹோல்ட்டிலேயே இறங்கிவிடுவான்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி வாசிப்பேன், ஆறுதலாக, மெல்ல எழுதுவேன். பிழை கிடந்தால் கிடக்கட்டும். இந்த வயதுவரைக்கும் ஒருத்தருக்கு முன்னாலும் தலை குனிந்தவள் இல்லை. கழுத்திலே வாதம் வந்த பிறகு குனிய நினைத்தாலும் ஏலாது.

எங்களுக்கு ஒரே மகள். கலியாணம் கட்டி நுகேகொடைக்குப் போனவள், ஒரு நாள் கட்டினவனை விட்டுவிட்டு வெள்ளவத்தைக்கு எங்களிடம் வந்து சேர்ந்தாள். அவன் என்ன செய்தான் என்று எழுதினால் என் பேனைதான் ஊத்தையாகும், விடுங்கள். ஓட்டோவில் வந்து இறங்கினாள். கையிலே நகைப் பெட்டி இல்லை. மடியிலே கொம்பியூட்டர் பெட்டி. சொந்தக்காரர் எல்லாரும் துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்தார்கள். "நகையை அங்கை விட்டிட்டு இதையே தூக்கிக்கொண்டு வந்தவள்?" என்று என் மச்சாள் மூக்கிலே விரலை வைத்தாள். "நகை சோறு போடாது மச்சாள், இது போடும்" என்றேன். மச்சாள் விரலை எடுத்துத் தேத்தண்ணியைக் குடித்தாள்.

உண்மையாகவே அந்தப் பெட்டிதான் சோறு போட்டது. மகள் கலியாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டுக் கொடுக்கிறவள். கொட்டாஞ்சேனையில் ஒரு ஸ்டூடியோக்காரன் படம் எடுப்பான், இவள் வீட்டிலிருந்து வெட்டுவாள், கடைசியில் அவன் பெயர் பெரிய எழுத்தில் வரும். இவள் பெயர் எறும்பு அளவில்கூட வராது. 

அப்படி இருக்கத்தான் அவளுக்கென்று முதல் வேலை வந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு மாப்பிள்ளையின் தாய், ஸ்டூடியோக்காரனோடு சண்டை பிடித்துக்கொண்டு, "நீயே எல்லாத்தையும் செய் பிள்ளை" என்று மகளிடம் வந்து விட்டா. சுவிசிலிருந்து மகனுக்குக் கலியாணம் செய்து வைக்க வந்த குடும்பம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பிளேன். அங்கே போய் இறங்கின கையோடு ஒரு மண்டபம் எடுத்து, லீவு கிடைக்காமல் வராதவர்களுக்கு வீடியோவைப் பெரிய திரையில் போட்டுக் காட்டிச் சோறு கொடுக்கிற ஏற்பாடு. ஆகவே வீடியோ கையிலே இருந்தால்தான் அவ பிளேன் ஏறுவா. வேலை சரிவந்தால் மகள் ஸ்டூடியோக்காரனுக்குக் கும்பிடு போட்டுவிட்டுத் தன் பெயரிலே தொழில் செய்யலாம். சரிவராவிட்டால் அந்த மனுசியின் வாய் கொட்டாஞ்சேனை முழுக்க லவுட்ஸ்பீக்கர் கட்டினது போல. பிறகு ஒருத்தரும் மகளிடம் பூப்புனித நீராட்டு விழாகூடக் கொடுக்க மாட்டார்கள்.

இந்த வேலையிலே வெட்டி ஒட்டுவது பாதிதான். ஒட்டி முடித்த பிறகு எல்லாவற்றையும் பெட்டி ஒரே வீடியோவாக ஆக்கித் தர வேண்டும். அரிசியைக் கழுவிப் போட்டாயிற்று, இனி அவியட்டும் என்று இருக்கிற மாதிரி. நாலு மணித்தியாலக் கலியாணம் அவிய ஒரு முழுப் பகலும் போதாது. அவிந்து வந்த பிறகு அந்த மனுசி போன் எடுப்பா: "பிள்ளை, அந்த நீலச் சீலைக்காரியை எடுத்து விடு, அவ எங்களோடை கோவம்." மறுபடி உலை. அடுத்த நாள்: "பிள்ளை, நீலச் சீலையைப் போட்டு விடு, சமாதானம்." மறுபடி உலை.

புதன்கிழமை மகள் கதிரையிலே சாய்ந்து, "இது கொஞ்சம் கெதியா ஓடினால் காணும்" என்று பெருமூச்சு விட்டாள். என்னிடம் சொல்லவில்லை, இவரிடமும் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னாள். சுவர் கேட்கவில்லை. இவர் கேட்டார்.

பென்சன் எடுத்ததிலிருந்து இவருக்குப் போனிலே வீடியோ பார்ப்பதுதான் வேலை. ஒரு தாடிக்கார வெள்ளைக்காரன் வருவான். கொம்பியூட்டரைத் திறந்து, அதற்குள்ளே மூளையாக இருக்கிற, ஒரு பிஸ்கட் அளவான சில்லைக் காட்டுவான். கம்பனிக்காரன் அந்தச் சில்லுக்கு ஒரு வேகம் வைத்துத்தான் விற்பானாம். அதைவிடக் கூட்டி ஓட வைப்பதற்குப் பெயர் ஓவர்குளொக். கூடின வேகத்தில் தள்ளாடாமல் ஓட அதற்குக் கூடின வோல்ட்டேஜ் கொடுக்க வேண்டும். கொடுத்தால் சூடாகும். தாடிக்காரன் சூட்டுக்கு மருந்தாக ஏதோ குளிர்த் தண்ணியை ஊற்றுவான், மேசை முழுக்கப் புகை போகும், கலியாண மண்டபத்தில் பொம்பிளை மாப்பிள்ளை மேடைக்கு வரும்போது விடுகிற புகை மாதிரி.

வியாழக்கிழமை காலமை மகள் பாட்டுத் தெரிவு செய்யக் கொட்டாஞ்சேனைக்குப் போனாள். நான் பயற்றங்காய் முறித்துக்கொண்டு இருந்தேன். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளுடைய கதிரையில் போய்க் குந்தினார். பெட்டி முழிக்கிற நேரத்தில் ஒரு பொத்தானை விடாமல் தட்டினார். வழக்கமான படம் வரவில்லை. கறுப்பாக, இலக்கங்கள் நிறைந்த வேறு ஒரு பக்கம் திறந்தது.

"என்னப்பா செய்யிறீங்கள்? பிள்ளை வந்தால் துள்ளுவாள்."

"பிள்ளைக்காகத்தான் செய்யிறன். வேகம் கூட்டுறன்."

"கம்பனிக்காரன் வைச்ச வேகம் உங்களுக்குக் காணாதாமோ?"

"கம்பனிக்காரன் பயந்தாங்கொள்ளி. எந்த எஞ்சினும் எழுதி ஒட்டினதைவிடக் கூடத்தான் இழுக்கும். நாங்கள் கிரேனிலை தூக்காத பாரமோ?"

"வோல்ட்டேஜைக் கூட்டினால் எரிஞ்சு போகாதே?"

இவர் கதிரையைத் திருப்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். பென்சன் எடுத்த பிறகு அப்படி ஒரு சிரிப்பை நான் கண்டதில்லை. "எவ்வளவு வோல்ட் என்று தெரியுமே இதுக்கு? ஒன்று தசம் இரண்டு! டோர்ச் பற்றறியே ஒன்றரை வோல்ட். அதை நாக்கிலை வைச்சாலும் கடியாது. ஒன்றரைக்குப் பயப்பிடச் சொல்லுறாய் என்னை? நானூறு வோல்ட்டோடை குடும்பம் நடத்தினவன் நான்."

"அப்ப என்னோடை நடத்தினது?"

"அது மெயின் லைன்" என்று சொல்லித் திரும்பிக்கொண்டார்.

எனக்கும் அவர் சொன்னது சரியாகத்தான் பட்டது. இந்த வீட்டிலே நான் பயப்படுகிற வோல்ட், குளியலறைச் சுவிச்சிலே ஈரக் கையோடு உதைக்கிற வோல்ட்தான். ஒன்றரைக்கு யார் பயப்படுவார்? இலக்கத்தைக் கூட்டக் கூட்ட அதன் நிறம் மாறியது. வெள்ளை மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாகியது. "சிவப்பு வந்திட்டுது, நிற்பாட்டுங்கோ" என்றேன். "கிரேனிலை சிவப்பு லைற் எந்த நாளும் எரியும். அதைப் பார்த்து நின்றால் ஒரு கப்பலும் இறங்கியிராது" என்றார்.

நாட்டுக்குக் கப்பல் இறக்கின மனுசனோடு நான் என்ன வாதாடுவது. பயற்றங்காயை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன்.

மகள் வந்து வேலையைத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில், "அம்மா, இண்டைக்குப் பெட்டி பறக்குது!" என்று கூப்பிட்டாள். இவர் பேப்பருக்குப் பின்னாலே முகத்தை வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத பூனை மாதிரி இருந்தார். பேப்பர் தலைகீழாக இருந்தது. பெட்டிக்குள் இருக்கிற சின்னக் காத்தாடி ரத்மலானையில் பிளேன் எழும்புகிற மாதிரிச் சத்தம் போட்டது. பெட்டிக்குப் பின்னால் கையை வைத்தால் அடுப்படி. வெளியிலே இரண்டு நாளாக விடாத மழை, மோர்மிளகாய் காயாமல் பூஞ்சணம் பிடிக்கப் பார்த்தது. நான் சுளகோடு கொண்டுவந்து பெட்டிக்குப் பின்னாலே வைத்தேன். நன்றாகத்தான் காய்ந்தது. மகள்தான் மணத்தைப் பிடித்துக்கொண்டு வந்து, தலையிலே கையை வைத்தாள்.

"அம்மா! கொம்பியூட்டர் என்ன, மொட்டை மாடியே?"

"மொட்டை மாடியிலை மழையடி பிள்ளை."

வெள்ளிக்கிழமை பாதி அவிந்தபோது பெட்டி நின்றது. நீலத் திரை, வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். மகள் குளிக்கப் போன நேரம் பார்த்து இவர் போய் வோல்ட்டேஜை இன்னும் கொஞ்சம் கூட்டினார். ஓடியது. பின்னேரம் மறுபடி நின்றது. மறுபடி கூட்டினார். எனக்கு அப்போதுதான் இந்தக் கூத்து எங்கேயோ பார்த்த கூத்தாக இருக்கிறதே என்று பட்டது. இவர் துறைமுகத்திலே சேர்ந்த காலத்தில் ஒரு கிளாஸ் சாராயத்திலே பாடுவார். பிறகு பாட அரைப் போத்தல் கேட்டார். அதற்குப் பிறகு பாட்டு வரவில்லை, போத்தல் மட்டும் வந்தது. பெட்டியும் அப்படித்தான் ஆகிவிட்டது. வியாழக்கிழமை ஓடின அதே வேகத்துக்கு வெள்ளிக்கிழமை கூடக் கேட்டது. இவரிடம் சொன்னேன். "நான் விட்டு எத்தனை வருசம், அதை ஏன் இப்ப இழுக்கிறாய்?" என்று கோபித்துக்கொண்டு கடற்கரைக்கு நடக்கப் போனார்.

சனிக்கிழமை காலமை பெட்டி எழும்பவே மாட்டேன் என்றது. எழும்பினாலும் தேத்தண்ணி ஆறுவதற்குள் விழுந்தது. மகள் அந்தப் பொத்தானைத் தட்டிக் கறுப்புப் பக்கத்தைத் திறந்தாள். எல்லாம் சிவப்பாக நின்றது. ஒன்றரைக்கும் மேலே. அவள் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. நேரே அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, இது ஆர்?"

நாற்பது வருசம் நான் கேட்டு வராத பதில் அவளுக்கு ஒரே கேள்வியில் வந்தது. "நான்தான் பிள்ளை. நீ கெதியா ஓட வேணும் என்று கேட்டாய்."

"உங்களிட்டையோ கேட்டனான்? என்ர வேலை இது, என்ர சாமான் இது! கேட்காமல் கை வைக்கிறதுக்கு அங்கை ஒருத்தன் இருந்தான், அவனை விட்டிட்டுத்தான் இஞ்ச வந்தனான்!"

இவர் முகம் சுருங்கிப் போனது. எனக்கு இவரோடு ஆயிரம் கோபம் இருக்கும், ஆனால் அந்த நுகேகொடைக்காரனோடு ஒரே தட்டிலே வைத்தது எனக்கே சுருக்கென்றது. அதற்காக அவள் சொன்னது பிழை என்றும் சொல்ல மாட்டேன்.

இவர் மெல்ல, "ஒன்றரை வோல்ட்தானே பிள்ளை" என்றார்.

மகள் திரையின் மூலையைத் தட்டிக் காட்டினாள். அந்தச் சில்லு எவ்வளவு கரண்ட் குடித்தது என்று அங்கே ஒரு கணக்கு நிற்கும். இவர் குனிந்து பார்த்தார். நூற்றி அறுபது வாட்ஸ். பேப்பர் ஓரத்திலே பேனையால் பிரித்தார். நூற்றி அறுபதை ஒன்றரையால் பிரிக்க எத்தனை என்று எனக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும். ஒரு தரம் பிரித்தார், நம்பவில்லை, மறுபடி பிரித்தார்.

"நூறு அம்பியருக்கு மேலை" என்றார்.

"அதுக்கு என்ன?" என்றேன்.

"நூறு அம்பியருக்கு நாங்கள் போடுற கேபிள் உன்ர பெருவிரல் மொத்தம். அதே அம்பியர் இந்தப் பிஸ்கட்டுக்குள்ளாலை போயிருக்கு. அதுக்குள்ளை இருக்கிற கம்பி தலைமயிரைவிட மெல்லிசு. அதிலை நான் இன்னும் அழுத்தியிருக்கிறன்." கண்ணாடியைக் கழற்றினார். "வோல்ட்டை மட்டும் பார்த்தனான். வேலைக்கு வந்த முதல் கிழமைப் பொடியன்கூட இப்பிடிப் பார்க்க மாட்டான்."

புதுச் சில்லு வாங்கிப் போடலாம் என்றால் அன்றைக்குப் போயா, பௌர்ணமி லீவு. மருதானையிலே தெரிந்த கடைக்காரனுக்குப் போன் எடுத்தால் அவன் குடும்பத்தோடு கதிர்காமத்தில் நிற்கிறான். போயாவுக்குச் சாராயக் கடையும் பூட்டு. இவர் பழைய ஆளாக இருந்திருந்தால் அன்றைக்கு இரட்டைத் துக்கம்.

மகள்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதிரையை இழுத்துப் போட்டாள். வோல்ட்டேஜைக் கீழே இறக்கினாள். வேகத்தையும் இறக்கினாள், கம்பனிக்காரன் வைத்ததற்கும் கீழே. அந்த வேகத்தில் பெட்டி விழாமல் நின்றது. ஆனால் வருத்தக்காரன் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடக்கிற மாதிரி. கணக்குப் பார்த்தாள். நாலு மணித்தியாலக் கலியாணம் முடிய ஞாயிறு போய்த் திங்கள் வரும். ஞாயிறு பின்னேரம் பிளேன்.

"போன் எடுத்துச் சொல்லு, கரண்ட் போயிட்டுது என்று" என்றேன். இந்த நாட்டிலே அதைவிட நம்பத்தகுந்த பொய் இல்லை.

இவர் நிமிர்ந்தார். "கரண்டிலை பழி போடாதை! கரண்ட் ஒழுங்காத்தான் வந்தது. பழியை என்னிலை போடு."

மகள் இரண்டு பேரையும் பார்த்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள். பொய் சொல்லவில்லை. "அன்ரி, என்ர மெசின் பழுதாப் போச்சுது. முழுக்க நாளைக்குத் தர ஏலாது. அரைவாசி தருவன். சுவிசிலை காட்டுறதுக்கு எந்த அரைவாசி வேணும் என்று சொல்லுங்கோ. மிச்சம் பிறகு அனுப்புறன்."

அந்த மனுசி போட்ட சத்தத்தை நான் இங்கே எழுத மாட்டேன், கடுதாசி தாங்காது. ஸ்டூடியோக்காரனே நல்லவன் என்றா. ஊர் முழுக்கச் சொல்லுவன் என்றா. மகள் அதைக் கேட்டபடியே கலியாணத் துண்டுகளைத் திரையிலே ஒவ்வொன்றாகத் திறந்து வைத்தாள். நான் போனைப் பறித்து நாலு வார்த்தை சொல்ல எழும்பினேன். இவர் என் கையைப் பிடித்து இருத்தினார்.

கத்தி ஓய்ந்த பிறகு அவவே குரலை இறக்கிக் கேட்டா.

"அரைவாசி என்றால், எங்கட ஆக்களை மட்டும் போடலாமோ பிள்ளை?"

"உங்கட ஆக்கள் என்றால்?"

"மாப்பிள்ளை பகுதி. அவையள் பகுதியை அங்கை ஆர் பார்க்கப் போகினம்? ஒரு வரிசை காணாது என்று மேடை முழுக்க நின்றவை."

"பொம்பிளை, அன்ரி?"

"பொம்பிளை இல்லாமல் எப்பிடி? தாலி கட்டேக்கை காட்டு. பிறகு காணும்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு "ஓம் அன்ரி" என்றாள். போன் வைத்த கையோடு வெட்டத் தொடங்கினாள். பொம்பிளையின் தாய்மாமன் போனார், மாமிமார் போனார்கள், பொம்பிளைத் தோழிகள் ஆடின ஆட்டம் போனது. நான் பக்கத்தில் இருந்து, "இந்த வழுக்கைத் தலையர் எந்தப் பகுதி?" என்று கேட்டேன். "தெரியேல்லை அம்மா, இரண்டு பகுதியிலையும் நிற்கிறார்." "அப்ப சாப்பாட்டுப் பகுதி, விடு, கிடக்கட்டும்."

ஞாயிறு பகல் வரைக்கும் பெட்டி நின்று நிதானமாக ஓடியது. இவர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றுவதா என்று மகளிடம் அனுமதி கேட்டுக் கழற்றினார். மேசைக் காத்தாடியை வைப்பதா என்று கேட்டு வைத்தார். மூச்சு விடுவதற்கு மட்டும்தான் கேட்கவில்லை. சோற்றுக்கோப்பையோடு அங்கேயே இருந்து, திரை மூலையிலே வாட்ஸ் இலக்கத்தைப் பார்த்தபடி சாப்பிட்டார். என்ன கறி என்று கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

முடிந்ததும் மகளும் நானும் ஓட்டோவிலே கொட்டாஞ்சேனைக்குப் போனோம். வாசலிலே வான் நிற்கிறது, கூரையிலே சூட்கேஸ் ஏற்றுகிறார்கள். மனுசி முகத்தை ஏழு முழத்துக்கு வைத்துக்கொண்டு வீடியோவைத் தன் லப்டொப்பில் போட்டுப் பார்த்தா. முதலாவதாக அவவே பட்டுச் சீலையோடு படியிறங்கி வந்தா. அடுத்தது அவவுடைய தங்கச்சி. அதற்கடுத்தது நீலச் சீலைக்காரி. பார்க்கப் பார்க்க முகம் மலர்ந்தது. கடைசியில் என் மகளின் பெயர் வந்தது, திரை நிறைய. நான் எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் வாசித்த சொல் அது ஒன்றுதான்.

"நல்லாத்தான் செய்திருக்கிறாய் பிள்ளை" என்றா அந்த மனுசி. "மிச்சத்தை அவசரப்படாமல் அனுப்பு. அனுப்பாட்டிலும் பரவாயில்லை."

மிச்சத்துக்கு ஆள் வேறு பக்கத்தால் வந்தது. இரண்டு கிழமை கழித்துப் பொம்பிளையின் தாய் வெள்ளவத்தைக்கு எங்கள் படியேறி வந்து நின்றா, மூச்சு வாங்க. சுவிசில் காட்டின வீடியோவிலே தன்னுடைய அண்ணர் ஒரு இடத்திலும் இல்லையாம், குத்துவிளக்கு ஏற்றினது யாருடைய கை என்றே தெரியவில்லையாம். சண்டைக்குத்தான் வந்தா. மகள் இருக்கச் சொல்லி, வெட்டி வைத்த பகுதியைப் போட்டுக் காட்டினாள். அண்ணர் வந்தார், மாமிமார் வந்தார்கள், தோழிமார் ஆடினார்கள். மனுசி சண்டையை மறந்துவிட்டா.

"எனக்கு இதை மட்டும் தனியா ஒரு வீடியோவாச் செய்து தா தங்கச்சி. அவையின்ர ஆக்கள் ஒருத்தரும் வேண்டாம்."

"மாப்பிள்ளை, அன்ரி?"

"தாலி கட்டேக்கை காட்டு."

"சரி. மூன்று கிழமை எடுக்கும்" என்றாள் மகள். முந்தி என்றால் மூன்று நாளிலே தருகிறேன் என்று தலையாட்டியிருப்பாள்.

"ஏன் மூன்று கிழமை? கொம்பியூட்டர் பழசோ?"

"பழசு இல்லை அன்ரி" என்றாள் மகள், வாசற்பக்கம் நின்ற அப்பாவைத் திரும்பிப் பாராமல். "எங்கட வீட்டிலை இருந்தது, அதுதான் களைச்சுப் போச்சுது."

இவர் மேசையிலிருந்த வெறும் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். கலியாணம் கட்டின நாளிலிருந்து அந்த மனுசன் ஒரு கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனதை அன்றைக்குத்தான் கண்டேன். இரண்டு கையாலும் பிடித்திருந்தார், அதற்குள்ளால் நூறு அம்பியர் போகிற மாதிரி.